கேப்னோகிராபி: கரியமில வாயு வரைவு

கிரேக்கத்தில் ‘கப்னோஸ்’ என்றால் புகை. ‘கிராபேன்’ என்றால் எழுதுதல். இந்தப் புகை கரியமில வாயுதான். ரத்தத்தில் அது கூடினால் ஹைப்பர்கேப்னியா, குறைந்தால் ஹைப்போகேப்னியா. மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவின் அளவை எண்ணாக மட்டும் காட்டுவது கேப்னோமெட்ரி. கோடாகவும் வரைந்து காட்டுவது கேப்னோகிராபி.

மதுரைப் பக்கத்து ஆபரேஷன் தியேட்டரில் முழுப்பெயரைச் சொல்ல யாருக்கு நேரம்? “கேப்னோ வருதாண்ணே?” அவ்வளவுதான். மூச்சு கொடுக்கச் செருகிய டியூப் மூச்சுக்குழாய்க்குள் இருக்கிறதா, தவறி உணவுக்குழாய்க்குள் போய்விட்டதா என்பதை அந்தக் கோட்டின் அலையே சொல்லிவிடும். கரியமில வாயு 4.26 மைக்ரான் அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சும். அதை அளந்து 35 முதல் 45 மி.மீ. பாதரசம் என்ற வழக்கமான அளவோடு ஒப்பிடுகிறோம். ஊசி குத்த வேண்டியதில்லை.

இதை ‘மூச்சு வரைவு’ என்று தமிழாக்கத் தோன்றும். இதய அறுவையில் அந்தச் சொல் நிற்காது. இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் செய்யும் ஹார்ட்-லங் மெஷின் முழுதாக ஓடும்போது ரத்தம் நுரையீரலுக்குப் போவதில்லை, வென்டிலேட்டரையும் நிறுத்திவிடுவார்கள். அலை தட்டையாகிவிடும், அது கோளாறு அல்ல. மேலூரிலிருந்து வந்து வெளியே காத்திருக்கும் உறவினர் “மூச்சு ஓடுதாய்யா?” என்று கேட்டால், அந்த நேரத்தில் மூச்சு இல்லை, அந்த மெஷினில் நுரையீரல் வேலையைச் செய்யும் ஆக்சிஜனேட்டர்தான் கரியமில வாயுவை நீக்குகிறது என்பதே உண்மையான பதில்.

அப்போதும் கேப்னோ உதவும். ஆக்சிஜனேட்டரின் வாயு வெளியேறும் வாய்க்குள் கேப்னோ கருவியின் சாம்பிள் குழாய் நுனியை நுழைத்தால், தமனி ரத்தத்தின் கரியமில வாயு அழுத்தம் எந்தப் பக்கம் போகிறது என்று தொடர்ந்து தெரியும். கோடு ஏறி இறங்காமல் ஒரே மட்டத்தில் ஓடும். சில மானிட்டர்கள் மூச்சு நின்றதாக அலாரம் அடித்து எண்ணைக் காட்டாது. கோட்டின் உயரத்தைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். அளவு ஏறினால் ஆக்சிஜனேட்டருக்குள் செலுத்தும் வாயுவான ஸ்வீப் கேஸைக் கூட்டுவார்கள், இறங்கினால் குறைப்பார்கள்.

அந்த வாயை ஒருபோதும் அடைக்கக் கூடாது. அடைத்தால் உள்ளே வாயு அழுத்தம் ஏறி, வாயுவையும் ரத்தத்தையும் பிரிக்கும் சவ்வைத் தாண்டி ரத்தத்தில் குமிழி புகுந்துவிடும். குழாய் நுனி வாயின் விளிம்பிலேயே நின்றால் அறைக்காற்று கலந்து அளவு பொய்யாகக் குறையும். காற்றுக்குமிழியைத் தவிர்க்க நெஞ்சறைக்குள் கரியமில வாயுவைப் பாய்ச்சினால், சக்‌ஷன் வழியாக அதுவும் ஆக்சிஜனேட்டருக்குப் போய் அளவை உயர்த்தும். குளிர்விப்பதும் கணக்கை மாற்றும்: 37 டிகிரியில் 40 காட்டும் ரத்தம், 28 டிகிரியில் சுமார் 27தான் காட்டும். ரத்த மாதிரியை அளக்கும் ரத்த வாயுக் கருவி 37 டிகிரியில் அளப்பதால் அதன் அளவையும் கேப்னோ அளவையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. ஆக்சிஜன் அழுத்தமும், ரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவும் கேப்னோவில் கிடைக்காது. ஆகவே ரத்த மாதிரி எடுப்பதை நிறுத்த முடியாது.

இதனால்தான் ‘கரியமில வாயு வரைவு’ என்ற சொல்லையே வலியுறுத்துகிறோம். கரி, அமிலம் என்ற இரண்டும் சேர்ந்த ‘கரியமிலம்’ பள்ளிப் பாடத்திலேயே பழகிய சொல். கருவிக்கு ‘வரைவி’, எண்ணுக்கு ‘அளவீடு’ போதும். ‘புகை வரைவு’ என்றால் தீயணைப்புக் கருவி என்றுதான் நினைப்பார்கள். குறிப்பேட்டில் சொல்லோடு இடத்தையும் எழுத வேண்டும்: ‘மூச்சுக்குழாய்’ அல்லது ‘ஆக்சிஜனேட்டர் வாய்’, பக்கத்தில் ரத்தத்தின் வெப்பநிலை.