கஞ்சா சோதனையில் போலீஸ் சுட்டு உயிர் போனால்: குடும்பம் உடனே பிடிக்க வேண்டிய காகிதங்கள்

கஞ்சா இருக்கிறதா என்று வீட்டுக்குள் புகுந்த போலீஸ் சுட்டு ஒருவர் இறந்துபோனால், சில மணி நேரத்தில் ஸ்டேஷனில் ஒரு எஃப்.ஐ.ஆர். தயாராகிவிடும். அதில் குற்றவாளி யார் என்று பார்த்தால் இறந்தவரேதான். அரிவாளால் வெட்ட வந்தார், தற்காப்புக்குச் சுட்டோம் என்று இருக்கும். பிரிவு, கொலை முயற்சிக்கான பி.என்.எஸ். 109 (பி.என்.எஸ். என்பது பழைய ஐ.பி.சி.க்குப் பதில் வந்த குற்றவியல் சட்டம்). அதற்குப் பிறகு குடும்பம் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அந்த எஃப்.ஐ.ஆர்.தான் முன்னால் வந்து நிற்கும். "உங்க ஆள் மேலதானம்மா கேஸ் இருக்கு, நீங்க எதுக்கு மனு குடுக்குறீங்க?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படித் திரும்பி வந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கைதை எதிர்ப்பவரிடம் தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாத ஒருவரின் உயிரை எடுக்கும் உரிமையைக் கைது அதிகாரம் தராது. கைது, விசாரணை நடைமுறைக்கான புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ். 43(4) இதைச் சொல்கிறது, பழைய சி.ஆர்.பி.சி.யில் இது 46(3). கஞ்சா வழக்கில் 20 கிலோவைத் தாண்டிய வணிக அளவுக்கே முதல் முறை அதிகபட்ச தண்டனை 20 ஆண்டுதான். அதாவது "ஓடினான், அதனால் சுட்டோம்" என்று சொல்ல வழியில்லை. அதனால்தான் கதையில் ஓட்டம் இருக்காது, அரிவாள் இருக்கும்.

அரிவாளுக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது சம்பவ இடம். வீட்டைச் சோதனை போட, போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்.டி.பி.எஸ். சட்டத்தின் 42-வது பிரிவு கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறது. கிடைத்த தகவலை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். பொழுது சாய்ந்தபின் வாரண்ட் இல்லாமல் நுழைந்தால் அதற்கான காரணத்தை எழுதிவைக்க வேண்டும். அவற்றின் நகலை 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். பொது இடத்தில் பிடித்தால் 43-வது பிரிவு. அங்கே இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அப்புறம் என்ன, வீட்டுக் கட்டிலில் இருந்து இழுத்து வரப்பட்டவர், சம்பவ இடத்தில் போலீஸ் எழுதும் பதிவான மகஜரில் "பேருந்து நிறுத்தத்துக்குப் பின்புறம் முட்புதர் அருகே சந்தேகத்துக்கிடமாக நின்றவர்" ஆகிவிடுகிறார். ஒரு வீட்டில் கதவின் கொண்டி நிலையோடு பிய்ந்து தொங்கியதை நான் பார்த்திருக்கிறேன். மகஜரில் அந்த வீடே இல்லை. கதவு உடைந்திருந்தால் ஆசாரியைக் கூப்பிடுவதற்கு முன் போட்டோ எடுங்கள். சுவரில் குண்டு பட்ட இடம், தரையில் ரத்தம், எதையும் கழுவாதீர்கள். எதிர் வீட்டு கேமராவும் மளிகைக் கடை கேமராவும் பழைய பதிவைத் தானாக அழித்துக்கொண்டே போகும். அன்றைக்கே போய்க் கேட்டு வாங்குங்கள்.

சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு வார்த்தை. கதவைச் சாத்திப் பிடிக்காதீர்கள். கையில் அரிவாள்மனை, கட்டை, ஏன், சமையலறைக் கத்திகூட இருக்கக் கூடாது. கைகள் வெளியே தெரியட்டும். வீட்டில் ஒருவர் 112-க்கு அழைத்து "இந்த முகவரியில் போலீஸ் என்று சொல்லிக்கொண்டு சிலர் நுழைந்திருக்கிறார்கள்" என்று சொன்னால் போதும், நேரமும் இடமும் பதிவாகிவிடும். முட்புதர் கதைக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது. சோதனையை வீடியோ எடுக்க வேண்டும், அதைத் தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 105 சொல்கிறது. ஆகவே "வீடியோ எடுங்க சார்" என்று கேட்பது எதிர்ப்பு ஆகாது. பெண்ணைப் பெண் மட்டுமே சோதிக்கலாம். எழுதாத தாளில் கையெழுத்து போடவே கூடாது, யார் கெஞ்சினாலும், யார் மிரட்டினாலும்.

உயிர் போய்விட்டது என்றால் முதல் சண்டை அரசு ஆஸ்பத்திரி பிணவறை வாசலில். சீக்கிரம் வாங்கிக்கொண்டு போய் முடித்துவிடுங்கள் என்று ஊர்ப் பெரிய மனிதரை விட்டே சொல்லவைப்பார்கள். போலீஸ் துப்பாக்கியால் இறந்தவருக்கு இரண்டு மருத்துவர்கள் போஸ்ட்மார்ட்டம் செய்ய வேண்டும், அது வீடியோவில் பதிவாக வேண்டும் என்று 2014-ல் பி.யு.சி.எல். (மக்கள் சிவில் உரிமைக் கழகம்) எதிர் மகாராஷ்டிரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பில் 16 வழிமுறைகள் உண்டு. போஸ்ட்மார்ட்டத்துக்கு முன்பே "இரண்டு மருத்துவர், வீடியோ" என்று எழுதி மருத்துவமனை டீனுக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். உடலை வாங்கும்போது நீட்டுகிற தாளை வரி வரியாகப் படியுங்கள். "சாவில் சந்தேகம் இல்லை" என்று நடுவில் ஒரு வரி இருக்கலாம். அந்த வரியை அடித்துவிட்டு, "சந்தேகம் உண்டு, உடலை மட்டும் பெற்றுக்கொள்கிறேன்" என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்திடுங்கள். சந்தேகம் இருக்கும்வரை எரிக்காதீர்கள், புதையுங்கள். சாதி வழக்கம் எரிப்பதுதான் என்றாலும் இதைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. மறு போஸ்ட்மார்ட்டம் கேட்க வேண்டி வந்தால் சாம்பலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டாவது சண்டை, யார் விசாரிப்பது என்பது. சுட்ட ஸ்டேஷனே விசாரிக்கக் கூடாது. சி.ஐ.டி. அல்லது வேறு ஸ்டேஷன் குழு, சுட்ட குழுவின் தலைவரைவிட ஒரு படியாவது மேலே உள்ள அதிகாரியின் மேற்பார்வையில் விசாரிக்க வேண்டும். இதுவும் அந்த 2014 தீர்ப்பில் இருப்பதுதான். தமிழ்நாட்டில் பெரும்பாலும் சி.பி.சி.ஐ.டி. என்பார்கள். நீங்கள் கொடுக்கும் புகாருக்கு ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது (மனு வந்தது என்பதற்கான ரசீது) மட்டும் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். சி.எஸ்.ஆர். என்பது எஃப்.ஐ.ஆர். அல்ல. அதை வாங்கிக்கொண்டு காத்திருந்த குடும்பங்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள், அவ்வளவுதான். வாங்க மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் பி.என்.எஸ்.எஸ். 175(3)-ன் கீழ் மனு. எஸ்.பி.க்கு அனுப்பிய ரசீது இல்லாமல் போனால் மனு நிற்காது. வழிமுறைகள் மீறப்பட்டதாக நினைத்தால் அந்த இடத்துக்கு உரிய செஷன்ஸ் நீதிபதியிடம் நேரடியாகப் புகார் செய்யலாம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. இந்த வழி பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களும் சொல்வதில்லை.

மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். வழக்கமாக அது ஆர்.டி.ஓ.விடம் (வருவாய் கோட்டாட்சியர்) போகும். ஆனால் பிடித்துக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தபோது சுட்டார்கள் என்றால் அது காவல் மரணம். நீதித்துறை மாஜிஸ்திரேட் விசாரிக்க வேண்டும், பி.என்.எஸ்.எஸ். 196(2). நேரில் பார்த்தவர் "கையைக் கட்டித்தான் கூட்டிட்டுப் போனாங்க" என்று சொன்னால், அந்த வரி முதல் மனுவிலேயே வர வேண்டும். ஆறு மாதம் கழித்துச் சேர்த்தால் யாரோ சொல்லிக்கொடுத்தது என்பார்கள். விசாரணை நடப்பதை உறவினருக்குத் தெரிவித்து, உடனிருக்க விட வேண்டும். நடைமுறையில் "தகவல் தெரிந்தவர்கள் ஆஜராகலாம்" என்று பேப்பரில் ஒரு மூலையில் அறிவிப்பு வரும், நீங்கள் பார்க்கவில்லை என்றால் உங்களுக்குச் சொல்லப்பட்டதாகக் கணக்கு. அதனால் முன்னாடியே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எழுத்தில் முகவரியும் போன் நம்பரும் கொடுத்துவிடுங்கள். உங்கள் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்தபின் படித்துக்காட்டச் சொல்லுங்கள். "இறந்தவர் கெட்ட சகவாசம் உள்ளவர்" என்று நீங்கள் சொல்லாத ஒரு வரி அதில் நுழைந்திருக்கலாம்.

மனித உரிமை ஆணையத்தில் பலர் இடறி விழுகிறார்கள். சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் புகார் போக வேண்டும். தாண்டினால் எடுக்க மாட்டார்கள். டெல்லியில் உள்ள தேசிய ஆணையம், சென்னையில் உள்ள மாநில ஆணையம் என இரண்டுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினால் பலம் கூடும் என்று நினைக்காதீர்கள். மாநில ஆணையம் கையில் எடுத்துவிட்டால் தேசிய ஆணையம் விலகிக்கொள்ளும். ஐகோர்ட்டில் ரிட் (அரசின் செயலை எதிர்த்துப் போடும் மனு) நிலுவையில் இருக்கிறது என்றால், "நீதிமன்றத்தில் இருக்கிறது" என்று மூடிவிடவும் கூடும். எது முதலில் என்பதை வக்கீலிடம் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். மாநில ஆணையத்தின் பரிந்துரை வெறும் ஆலோசனைதான் என்று அதிகாரிகள் ரொம்ப நாள் சொல்லிவந்தார்கள். அது அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொல்லிவிட்டது. இன்னமும் பழைய பாட்டைப் பாடுபவர்களிடம் அந்தத் தீர்ப்பின் நகலை நீட்டுங்கள்.

பணத்துக்கு இரண்டு வாசல். ஒன்று, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் கிடைக்கும் பாதிக்கப்பட்டோர் இழப்பீடு, பி.என்.எஸ்.எஸ். 396. "இறந்தவர் குற்றவாளி, பாதிக்கப்பட்டவர் இல்லை" என்று இங்கேயும் நிறுத்துவார்கள். நீங்கள் போட்ட தனிப் புகாரும் மாஜிஸ்திரேட் விசாரணை எண்ணும் இருந்தால்தான் பேசவே முடியும். மற்றொன்று, உயர் நீதிமன்றத்தில் ரிட். அரசின் கையால் உயிர் போனால் அரசே இழப்பீடு தர வேண்டும் என்பதை 1993-லேயே நீலாவதி பெஹரா வழக்கில் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். 15100-க்கு அழைத்தால் இலவச வக்கீல் கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் இதற்கு வருமான வரம்பே கிடையாது. ஆனாலும் மனைவியோ அம்மாவோ போய் நின்றால் வருமானச் சான்றிதழ் கேட்டு தாலுகா ஆபீசுக்கு விரட்டுவார்கள். "சட்டப் பணிகள் சட்டம் பிரிவு 12" என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.

எந்த வாசலிலும் கடைசியில் கேட்பது வாரிசுச் சான்றிதழ். இறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு இனிஷியல், ரேஷன் கார்டில் வேறொரு எழுத்து என்றால் வி.ஏ.ஓ.விடமே மனு நின்றுவிடும். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போன பிறகு முதல் வேலையாக இந்தப் பெயர்களை ஒன்றாக்குங்கள். பணம் வருவதற்குள் "சமாதானமாப் போயிடலாம்" என்று யாராவது ஒரு தொகையோடு வந்தால், அவர் கையோடு கொண்டுவந்திருக்கும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தொகையை எண்ணுவதற்கு முன் பாருங்கள்.

சுட்டவர் மீது வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி தேவை என்பார்கள். முன்பெல்லாம் அந்தக் கோப்பு வருடக்கணக்கில் கோட்டையில் தூங்கும். இப்போது பி.என்.எஸ்.எஸ். 218-ன்படி 120 நாளுக்குள் முடிவெடுக்கவில்லை என்றால் அனுமதி கொடுத்ததாகவே அர்த்தம். கோரிக்கை அரசுக்குப் போய்ச் சேர்ந்த தேதியைக் கேட்டு வாங்கி, காலண்டரில் குறித்து வையுங்கள். அந்த நாளை உங்களுக்கு யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள்.