வெட்டு முடிந்தது, பிளேடு இன்னும் நிற்கவில்லை

போன வாரம் இன்னொருவர் வந்தார். இடது கை சுட்டுவிரலில் பெரிய கட்டு. "வெட்டி முடிச்சாச்சுண்ணே. துண்டை எடுக்கலாம்னு கையைக் கொண்டு போனேன், அவ்வளவுதான்" என்றார். இந்த வாக்கியத்தை வார்த்தை மாறாமல் எத்தனையோ பேர் வாயிலிருந்து கேட்டாகிவிட்டது. வெட்டும்போது எல்லாரும் கவனமாகத்தான் இருக்கிறார்கள். மூச்சைக்கூட அடக்கிக்கொள்கிறார்கள். மரம் இரண்டான அந்த நொடியில் பயம் போய்விடுகிறது. அந்த இடத்தில்தான் விரல் போகிறது.

மரவேலை கற்றுக்கொடுப்பவன் என்பதால், மைட்டர் சா (சுற்றும் பிளேடை மேலிருந்து இறக்கி, மரத்தை நேராகவோ கோணமாகவோ வெட்டும் மின் ரம்பம்) வாங்கிய யாரைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி: "வெட்டு முடிந்ததும் என்ன செய்வீர்கள்?" பத்தில் எட்டுப் பேர் போல, "உடனே மேலே தூக்கிடுவேன்" என்றுதான் சொல்வார்கள். பிளேடு மரத்துக்குள் இருப்பதுதான் ஆபத்து, வெளியே எடுத்துவிட்டால் பத்திரம் என்ற நினைப்பு. இதைவிட எரிச்சலூட்டும் தவறான நம்பிக்கை இந்த மெஷின் விஷயத்தில் எனக்கு வேறு இல்லை. அதனால் இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன்.

10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 5000 சுற்று சுற்றினால், பல் நுனி மணிக்கு ஏறக்குறைய 240 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ட்ரிகரை விட்டதும் மோட்டார்தான் ஓய்கிறது, பிளேடு ஓயவில்லை. பிரேக் உள்ள மெஷினிலேயே அது நிற்கச் சில நொடி ஆகும். பிரேக் இல்லாததில் இன்னும் கூடுதலாக. சத்தம் முதலில் அடங்கிவிடும், பிளேடு அதற்குப் பிறகும் ஓசையில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். காது 'நின்னாச்சு' என்று சொல்வதை நம்பிக் கை உள்ளே போகிறது.

இனி, சுற்றும் பிளேடைத் தூக்கினால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முன்பக்கப் பற்கள் கீழே இறங்கி, அடியில் ஃபென்ஸை (மரத்தைச் சாய்த்து வைக்கும் பின்பக்கத் தடுப்பு) நோக்கி ஓடி, பின்பக்கம் மேலே ஏறுகின்றன. அறுபட்டு விழுந்த சின்னத் துண்டை யாரும் பிடித்திருக்கவில்லை. அது லேசாகச் சரிந்து பிளேடில் சாய்ந்தால் போதும், மேலே ஏறும் பின்பற்கள் அதைக் கவ்வி வீசிவிடும். பிளேடை மூடும் பாதுகாப்பு உறையான கார்டில் மோதி நொறுங்கலாம், ஃபென்ஸுக்குப் பின்னால் பறக்கலாம், உங்கள் முகத்துக்கும் வரலாம். அது எந்தப் பக்கம் போகும் என்று அதற்கே தெரியாது.

இதில் வேலையும் கெடுகிறது. அறுத்த முகத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஒழுங்காக அறுத்த முனையில் வளைகோடுகள் ஒரே சீராக, ஒரே பக்கம் வளைந்து கிடக்கும். சுற்றச் சுற்றத் தூக்கியதில் அந்தக் கோடுகளின் மேல் இன்னொரு வளைகோடு ஆழமாகக் குறுக்கே ஓடியிருக்கும், மேல் ஓரத்தில் சிலாம்பும் கிளம்பியிருக்கும். "பிளேடு சரியில்லை" என்று என்னிடம் கொண்டுவரும் மெஷின்களில் பாதிக்கு இதுதான் நோய். பிளேடு பாவம், நன்றாகத்தான் இருக்கிறது.

ஆகவே வரிசை இதுதான். ட்ரிகரை அழுத்துங்கள், முழு வேகம் வரட்டும். மெதுவாக இறக்குங்கள். அறுத்து முடிந்ததும் மெஷின் தலையை (மோட்டாரும் பிளேடும் உள்ள மேல்பகுதி) கீழேயே பிடித்துக்கொண்டு ட்ரிகரை விடுங்கள். பற்கள் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிந்து, பிளேடு அசையாமல் நின்ற பிறகு தூக்குங்கள். அதற்கப்புறம்தான் கை. நேரமாகிறது என்று ஒருவரும் என்னிடம் சொல்லாதீர்கள். பீடிங் என்னும் மெல்லிய ஓரப்பட்டை நூறு துண்டு வெட்டினாலும் மொத்தமாக நீங்கள் இழப்பது சில நிமிடம்.

அடுத்தது, "நான் இறுக்கிப் பிடிச்சுக்குவேன்." பிடிக்க முடியாது. நேர் வெட்டில் தெரியாது. 45 டிகிரிக்குத் திருப்பினால் பிளேடு மரத்தை ஃபென்ஸோடு பக்கவாட்டில் நழுவவைக்கும். அரை மில்லிமீட்டர் நழுவினாலே மூலையில் இடைவெளி தெரியும். அதை அடக்க நீங்கள் இன்னும் அழுத்துவீர்கள், அழுத்த வசதியாகக் கையைப் பிளேடுக்கு இன்னும் பக்கத்தில் வைப்பீர்கள். மரத்தை மெஷினோடு இறுக்கும் கிளாம்ப் போட்டால் இரண்டு தொல்லையும் ஒன்றாகத் தீர்ந்தது. பெட்டிக்குள் வந்த கிளாம்ப் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் மூலையில் கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு வரும் கோபம் இருக்கிறதே! ஃபென்ஸில் ஒரு பட்டை உப்புத்தாள் ஒட்டிவையுங்கள், நழுவல் இன்னும் குறையும்.

கைக்கும் பிளேடுக்கும் குறைந்தது 150 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். பெரும்பாலான மெஷின்களின் மேசையிலேயே அந்தக் கோட்டைப் போட்டிருக்கிறார்கள், அலங்காரத்துக்காக அல்ல. அவ்வளவு இடைவெளி விட முடியாத சின்னத் துண்டா? நீளமான மரத்தின் முனையிலிருந்து வெட்டி எடுங்கள். மிச்சமிருப்பதே சின்னத் துண்டு என்றால் கை ரம்பம் எதற்கு இருக்கிறது? இடது கையால் வலது பக்கத்தைப் பிடித்துக் கைகளைக் குறுக்கே போடுவதும், ஃபென்ஸுக்குப் பின்னால் கை விடுவதும் கூடவே கூடாது. கையுறை போட்டால் பாதுகாப்பு என்கிறார்கள். அந்தப் பல்லுக்குக் கையுறை ஒரு பொருட்டே இல்லை. துணி சிக்கினால் விரலையும் சேர்த்து உள்ளே இழுக்கும். கழற்றுங்கள். தொங்கும் சட்டைக் கை, கழுத்துத் துண்டு, மோதிரம், கையில் கட்டிய கயிறு எல்லாவற்றுக்கும் இதே பேச்சுதான்.

கார்டைக் கம்பி போட்டுத் தூக்கிக் கட்டியவர்களோடு எனக்கு வாதம் கிடையாது. அவிழ்த்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

வளைந்த மரம் வந்தால் புடைத்த பக்கம் ஃபென்ஸைத் தொட வேண்டும். வெட்டு விழும் இடத்தில் மரத்துக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே சந்து இருக்கக் கூடாது. மாற்றி வைத்தால் அறுபட்ட மறுநொடி இரண்டு பக்கமும் உள்ளே சாய்ந்து பிளேடை நெரிக்கும், மெஷினே ஒரு குதி குதிக்கும். உருட்டுக் கட்டையை 'வி' வடிவப் பள்ளம் போட்ட கட்டையில் உட்காரவைத்து இறுக்காமல் வெட்டாதீர்கள், அது உருளும்.

ஸ்லைடிங் மெஷின், அதாவது தலை முன்னும் பின்னும் நகரும் வகை, வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தலையை முன்னால் இழுத்து, ஸ்டார்ட் செய்து, இறக்கி, ஃபென்ஸை நோக்கித் தள்ளிக்கொண்டே வெட்ட வேண்டும். இழுத்துக்கொண்டே வெட்டினால் பிளேடு மரத்தின் மேல் ஏறி உங்களை நோக்கி ஓடி வரும். டேபிள் சாவுக்கான (மேசைக்கு அடியிலிருந்து பிளேடு நீட்டிக்கொண்டிருக்கும் ரம்பம்) பிளேடை இதில் மாட்டுகிறவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடும், அதன் பற்கள் முன்பக்கம் அதிகம் சாய்ந்திருப்பதால். மைட்டர் சாவுக்கென்று வரும், பல் சாய்வு குறைந்த, அல்லது பின்பக்கம் சாய்ந்த பிளேடைப் போடுங்கள். 10 அங்குலத்தில் 60 முதல் 80 பல் இருந்தால் மரச்சட்ட வேலைக்கு வெட்டு வழவழப்பாக வரும். மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

இனி துல்லியம். "மெஷின்ல 90 காட்டுதே" என்பார்கள். அது காட்டுவது அதன் நினைப்பு. இரண்டு விளிம்பும் இணையாக இழைத்த 100 மில்லிமீட்டர் அகலப் பலகையை அறுத்து, ஒரு பாதியை மட்டும் குப்புறப் புரட்டி, நேர்கட்டையோடு சேர்த்து இரண்டு முனையையும் முட்டவையுங்கள். சந்து தெரிந்தால் அது உண்மையான பிழையைப் போல் இரண்டு மடங்கு. அரை டிகிரி பிசகுக்கு ஏறக்குறைய 1.75 மில்லிமீட்டர் வாய் பிளக்கும், கண்ணாடி போடாமலே தெரியும். பிறகு மூலைமட்டத்தைப் பிளேடின் தகட்டில் வைத்துச் சரிசெய்யுங்கள். பல்லில் பட்டால் அளவு பொய் சொல்லும்.

நான்கு மூலைச் சட்டத்தில் எட்டு வெட்டு. ஒவ்வொன்றிலும் கால் டிகிரி போனாலும் கடைசி மூலைக்கு வரும்போது 2 டிகிரி சேர்ந்துவிடும். அந்த ஒரு மூலையைப் புட்டி வைத்து அடைத்துவிட்டு மெஷினைத் திட்டுவதுதான் வழக்கம். கோணம் சரியாக இருந்தும் மூலை சேரவில்லையா? எதிரெதிர்ச் சட்டங்கள் நீளத்தில் வித்தியாசப்படுகின்றன. டேப் வைத்து ஒவ்வொன்றாகக் குறிக்காமல் ஸ்டாப் கட்டை (ஒவ்வொரு துண்டும் ஒரே நீளம் வர, மரத்தின் முனையை முட்டவைக்கும் தடுப்பு) வைத்து வெட்டுங்கள். ஆனால் ஸ்டாப்பைத் தொட்டிருக்கும் துண்டுதான் கிளாம்பில் இருக்க வேண்டும். அதைச் சும்மா விட்டுவிட்டு மறுபக்கத்தைப் பிடித்தால், பிளேடுக்கும் ஸ்டாப்புக்கும் நடுவே துண்டு சிக்கி எகிறும்.

சிலருக்கு மெஷினின் கோண ஸ்கேலில் 31.6 என்று ஒரு குறி எதற்கு என்று சந்தேகம். 38 டிகிரி சாய்வுள்ள கிரவுன் மோல்டிங்கை (சுவரும் கூரையும் சேரும் இடத்தில் ஒட்டும் அலங்காரப் பட்டை) படுக்கவைத்து வெட்ட அது. தலையை 33.9 டிகிரி சாய்க்கவும் வேண்டும். அதுவும் சுவர் மூலை சரியாக 90 டிகிரி இருந்தால்தான். எந்தச் சுவர் இருக்கிறது? முதலில் மூலையை அளந்துவிடுங்கள்.

கண்ணாடி, காதடைப்பு, முகக்கவசம் மூன்றும் வேண்டும். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருக்கிறது. பின்னால் மாட்டித் தரும் துணிப்பை தூளில் ஒரு பங்கைத்தான் பிடிக்கும். வாக்குவம் இணையுங்கள், N95 போடுங்கள்.

இவ்வளவும் சொல்லியும் நடக்கக் கூடாதது நடந்துவிட்டால், காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கையை உயர்த்திப் பிடியுங்கள். துண்டான விரலைத் தேடி எடுங்கள். ஈரமாக்கிய சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். விரலை நேராக ஐஸில் போட்டால் திசு கருகும், பொருத்த முடியாமல் போகலாம். வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும்.