செடியில் இல்லாத செடி மருந்து

தம்பலகாமம், மூதூர்ப் பக்கத்து வயல் ஊர்களில் வயதானவர்களைக் கேட்டால், மலேரியாக் காய்ச்சல் தங்களைப் போட்டு ஆட்டிய கதையை இன்றும் சொல்வார்கள். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்துவிட்டது. ஆனால் அதைப் பரப்பும் நுளம்பு இன்னும் இங்கே இருக்கிறது. வெளிநாடு போய் வருகிறவர்களின் குருதியில் ஒட்டுண்ணியும் அவ்வப்போது வந்து சேருகிறது. அதில் ஆபத்தான பல்சிபாரம் வகைக்குக் கொடுக்கும் குளிசையில் இருப்பது ஆர்ட்டிமீத்தர். செடியிலிருந்து பிறந்த மருந்துதான். ஆனால் எந்தச் செடியைப் பிழிந்தாலும் அது கிடைக்காது.

அதன் மூலப்பொருள் ஆர்ட்டிமிசினின். சீனாவில் காய்ச்சலுக்குக் கொடுத்துவந்த ஒரு மூலிகையில் இருப்பது. சீன விஞ்ஞானி தூ யூயூவின் குழு முதலில் எடுத்த சாறுகள் சரியாக வேலை செய்யவில்லை. மூலிகையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லும் 4ஆம் நூற்றாண்டுக் குறிப்பொன்றைப் பார்த்தபோதுதான், சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று அவர் யோசித்தார். 35 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும் ஈதரில் சாறெடுத்தார். 1972இல் தூய பளிங்கு கிடைத்தது. 2015இல் நோபல் பரிசு.

அந்த மூலக்கூறின் உயிர், இரண்டு ஒட்சிசன் அணுக்கள் சேர்ந்த ஒரு பாலத்தில் இருக்கிறது. ஒட்டுண்ணி செங்குருதிக் கலத்துக்குள் புகுந்து ஈமோகுளோபினைத் தின்னும்போது, இரும்பு கொண்ட ஹீம் வெளிப்படுகிறது. இரும்பு பட்டதும் பாலம் உடைகிறது. உடைந்த மூலக்கூறு ஒட்டுண்ணியின் புரதங்களில் போய் ஒட்டி அவற்றைப் பாழாக்குகிறது. தொற்றாத கலத்தில் இரும்பு ஈமோகுளோபினுக்குள் கட்டுண்டு கிடப்பதால் பெரும்பாலும் எதுவும் நடப்பதில்லை.

சரி, பிறகு ஏன் செடியில் கிடைத்ததை அப்படியே கொடுக்கவில்லை? ஆர்ட்டிமிசினின் நீரிலும் சரியாகக் கரையாது, எண்ணெயிலும் கரையாது. மயங்கிக் கிடக்கும் நோயாளிக்கு அதை எப்படி ஊசியில் ஏற்றுவது? சீன இரசாயனவியலாளர்கள் சோடியம் போரோஹைட்ரைட்டைக் கொண்டு, மூலக்கூறின் வேறொரு மூலையில் காபனும் ஒட்சிசனும் இணைந்திருக்கும் காபனைல் தொகுதியை மாற்றினார்கள். அந்த வினையில் ஒட்சிசன் பாலம் உடையாமல் தப்பியதுதான் எனக்கு இன்றும் பெரிய வியப்பு. மாற்றிய இடத்தில் மெதைல் தொகுதியைச் சேர்த்தால் எண்ணெயில் கரையும் ஆர்ட்டிமீத்தர். சக்சினிக் அமிலத்தைச் சேர்த்தால் நாளத்தில் ஏற்றக்கூடிய ஆர்ட்டிசுனேட். ஆபிரிக்காவில் கடும் மலேரியா கண்ட 5,425 சிறுவர்களிடம் செய்து 2010இல் வெளியான ஆய்வில், பழைய மலேரியா மருந்தான குயினைனோடு ஒப்பிடும்போது ஆர்ட்டிசுனேட் மரணங்களை 22.5 சதவீதம் குறைத்தது.

ஒரு குறை மிச்சம். இவை சில மணி நேரத்திலேயே உடலைவிட்டுப் போய்விடும். அதனால் ஆர்ட்டிமீத்தரோடு, நாட்கணக்கில் குருதியில் தங்கும் லூமிஃபான்ட்ரின் என்ற இன்னொரு மருந்தையும் ஒரே குளிசையில் சேர்க்கிறார்கள். முதலாவது பெரும்பகுதியை வேகமாக அழிக்க, மிஞ்சியதை இரண்டாவது தீர்க்கிறது. நடுக்கம் நின்ற பிறகும் மூன்று நாளில் ஆறு வேளையையும் குடித்து முடிக்கச் சொல்வது அதற்காகத்தான்.