ஓட்டோ கியர் ஏன் உதைக்கிறது?

திருகோணமலைக் கொட்பேயில் மீன் ஏற்றிக்கொண்டு விடியுமுன் ஹபரணைப் பக்கம் ஓடும், பின்னால் சாமான் தட்டுள்ள டபுள் கெப் அது. தானாகவே கியர் மாறும் ஓட்டோ கியர். "'டி'யில போட்டாலே ஒரு குத்து. பிறகு ஒவ்வொரு கியருக்கும் பின்னால லொறி வந்து இடிச்ச மாதிரிக் கிடக்கு தம்பி" என்றார் சொந்தக்காரர். முதலில் போன கராஜில், கியர் பொக்ஸ் முடிந்துவிட்டது, வேறொன்று தேடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"எஞ்சின் சும்மா உறுமிக்கொண்டு வண்டி இழுக்காம நிக்குதா அண்ணன்?"

"சீச்சீ, இழுவை எல்லாம் நல்லம்."

பாதி நோய் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிட்டது. ஏனென்று சொல்லக் கியர் பெட்டிக்குள் ஒருமுறை போய்வர வேண்டும்.

ஓட்டோ பெட்டிக்குள் கியர் 'மாறுவது' என்பது வெறும் பேச்சுவழக்கு. உள்ளே இருக்கும் கோள் பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று பல் கோத்தபடியே சுழல்கின்றன. அவற்றில் எதைப் பிடித்து நிறுத்துவது, எதை விடுவது என்பதுதான் மாறுகிறது. பிடிக்கும் வேலை கிளட்ச் தட்டுகளுக்கு. கடதாசி போன்ற உராய்வுப் பொருள் ஒட்டிய தட்டும் இரும்புத் தட்டும் மாறிமாறி அடுக்கப்பட்டிருக்கும்; ஒயில் அழுத்தம் ஒரு பிஸ்டனைத் தள்ள, அடுக்கு இறுகும். ஒரு அடுக்கு விடும்போதே அடுத்தது பிடிக்க வேண்டும். ஒரு நொடிக்குள் முடிகிற கைமாற்றம் இது.

துறைமுகத்தில் படகின் கயிற்றைக் கட்டையில் சுற்றுகிறவரைக் கவனித்திருப்பீர்கள். முதலில் கொஞ்சம் வழுக விடுவார், வேகம் தணிந்ததும் இறுக்குவார். எடுத்த எடுப்பில் இறுக்கினால் படகு வெட்டி இழுக்கும். வழுகவிட்டுக்கொண்டே இருந்தால் கை எரியும். கிளட்ச் அடுக்கின் பாடும் இதேதான்.

எவ்வளவு இறுக்குவது என்பதைக் கணிக்க வண்டியின் கணினி, ஆக்சிலேற்றர் மிதி, எஞ்சின் சுமை, ஒயிலின் சூடு, பெட்டிக்குள் நுழையும் வேகம், வெளியேறும் வேகம் எல்லாவற்றையும் பார்க்கிறது. கணித்ததை, மின்சாரத்தால் இயங்கி ஒயில் அழுத்தத்தை ஆளும் ஒரு சொலினோய்ட் வால்வுக்கு மின்னோட்டமாக அனுப்புகிறது. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. பெரும்பாலான பெட்டிகளில் அந்த மின்னோட்டம் அறுந்துபோனால் அழுத்தம் குறையாது, உச்சத்துக்கு ஏறும். வேண்டுமென்றே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். உதைத்தால் நோவது இருக்கிறவரின் முதுகு. வழுகினால் தட்டுகள் கருகிப் பெட்டியே போய்விடும். எனவே, இழுவை நன்றாக இருக்க எல்லாக் கியரும் உதைக்கிறது என்றால், தகவல் கிடைக்காமல் தன்னைக் காத்துக்கொள்ளும் பெட்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அதனால் ஸ்பானரைத் தொடுமுன் கேள்விதான் கேட்க வேண்டும். எல்லாக் கியருமா, ஒன்றா? குளிரிலா, சூடேறிய பிறகா? 'டி'யில் போடும்போது மட்டும் குத்துகிறதென்றால் முதலில் எஞ்சினின் ஓய்வு வேகத்தைப் பாருங்கள். டீசல் கெப்புக்கு நிமிடத்துக்கு 700, 800 சுற்று போதும். 1,100-இல் நின்றால் எந்தப் பெட்டியும் குத்தும். இன்னொரு கள்ளன், பெட்டியின் சுழற்சியைப் பின்சக்கரப் பக்கம் கொண்டுபோகும் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட். அதன் வழுக்கு இணைப்பில் கிரீஸ் வற்றினாலோ அதன் மூட்டான யு ஜொயின்ட் தேய்ந்தாலோ வண்டி நின்றதும் 'டொக்', புறப்பட்டதும் 'டொக்'. அடியில் படுத்து ஷாஃப்ட்டைக் கையால் முறுக்கிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. இதைப் பார்க்காமலே பெட்டியைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது ஒயில். குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும்; 'டி'யில் போட்டதும் ஒன்றும் நடக்காது, பிறகு திடீரென்று இடிக்கும். ஒயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்டிக் இல்லாத பெட்டிகளில் குறிப்பிட்ட சூட்டில் மூடியைத் திறந்து வழிகிறதா என்று பார்க்க வேண்டும். பல டொயோட்டா பெட்டிகளுக்கு அது 40 பாகை செல்சியஸ் அளவில், ஏறத்தாழக் கன்னியா வெந்நீர்க் கிணற்றுச் சூடு. கறுத்துக் கருகல் மணம் வந்தால் தட்டு எரிந்திருக்கிறது. பால் கலந்த மாதிரி இருந்தால் ரேடியேற்றருக்குள் ஒயில் குளிரும் குழாய் உடைந்து தண்ணீர் கலந்திருக்கிறது; தண்ணீர் பட்டால் உராய்வுப் பொருளின் பசை விட்டுப்போகும்.

எந்த ஒயிலும் ஊற்றலாம் என்று நினைக்காதீர்கள். தட்டு மெதுவாகப் பிடிப்பதற்கென்றே அதில் உராய்வை மாற்றும் சேர்மானம் உண்டு. ஒரு காலத்தில் அந்தச் சேர்மானம் எண்ணெய்த் திமிங்கிலத்தின் (ஸ்பேர்ம் திமிங்கிலம்) எண்ணெய். கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலைக்கு அப்பால் நம் கடலில் சுற்றுலாப் படகுகள் தேடிப்போகிற அதே இனம்தான்! 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடுத்தபோது ஒயில் செய்தவர்கள் மாற்றுத் தேடித் திண்டாடினார்கள்.

மீன் கெப்புக்கு வருவோம். ஓய்வு வேகம் சரி, ஷாஃப்ட் சரி, ஒயில் சிவப்பாக இருந்தது. கணினியில் பதிந்த பிழைக் குறியைப் படிக்கும் ஸ்கானர் பி2716 என்றது: அழுத்தச் சொலினோய்டின் மின்சுற்றில் பிழை. 'சொலினோய்ட்' என்று வந்ததும் புதிதாக ஒன்று வாங்கிப் போடுகிறவர்கள் பலர். ஆனால் அந்தக் குறியீடு சொல்வது சுற்றைப் பற்றி. கம்பியும் இணைப்பும் சுற்றில் சேர்த்திதான். பெட்டியின் பக்கவாட்டு இணைப்பைக் கழற்றி, சொலினோய்டின் மின்தடையை அளக்க மல்டிமீற்றர் வைத்தேன். டொயோட்டாவின் ஏ750 வகைப் பெட்டியில் 20 பாகையில் 5.0 முதல் 5.6 ஓம் இருக்க வேண்டும். இருந்தது 5.3. சொலினோய்டில் பழுதில்லை.

கையிலிருந்த இணைப்பின் மறுபாதியைத் திருப்பினேன். இரண்டு ஊசிகளைச் சுற்றிப் பச்சைத் தூள், பாசி பிடித்த மாதிரி. மேலே பார்த்தால் கெப்பின் சாமான் தட்டின் வடிகால் ஓட்டை. மீன்பெட்டியின் ஐஸ் உருகி, உப்புத் தண்ணீராக ஒவ்வொரு நாளும் அதே கம்பிக்கட்டின் மேல் சொட்டியிருக்கிறது. அரித்த ஊசியில் தடை ஏற, மின்னோட்டம் தடுமாற, கணினி அந்த வால்வைக் கைவிட்டுவிட்டது. அழுத்தம் உச்சத்துக்குப் போய்விட்டது.

ஒரு கியருக்கு மட்டும், எப்போதும் அதே இடத்தில் உதைத்திருந்தால் கதை வேறு. அந்தக் கியரின் அதிர்வைத் தாங்கும் அக்குமுலேற்றர் பிஸ்டன், அதன் ஸ்பிரிங், ஒயிலை வழிநடத்தும் வால்வு உடலில் சிக்கிய ஒரு வால்வு என்று தேட வேண்டியிருக்கும். அதற்குப் பெட்டியின் அடியிலுள்ள ஒயில் தட்டைக் கழற்றத்தான் வேண்டும்.

ஊசிகளை மாற்றி, பிழைக் குறியை அழித்து, நிலாவெளி வீதியில் ஓட்டிப் பார்த்தோம். உப்புவெளி தாண்டும்வரை இலேசாக இடித்தது. கணினி பழைய கணக்கை மறந்து புதிதாகக் கற்றுக்கொள்ளும் நேரம் அது. சாம்பல்தீவுக்குக் கிட்ட வந்தபோது கியர் மாறுவது தெரியவில்லை. அண்ணன் ஒன்றும் பேசாமல் இறங்கி, வடிகால் ஓட்டைக்கு நீளமாக ஒரு ரப்பர் குழாய் வாங்கக் கடையைத் தேடிப் போனார்.