வானத்தைப் பள்ளி நேரத்துக்குள் கொண்டுவருவோம்

எங்கள் கல்லூரி இயற்பியல் துறைக்குப் பள்ளிகளிலிருந்து வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "ஒரு நாள் சாயங்காலம் டெலஸ்கோப்பைக் கொண்டுவந்து பிள்ளைகளுக்கு நிலா, சனி வளையம் எல்லாம் காட்டுங்க சார்." அழைப்பு வந்தாலே எங்களுக்குச் சந்தோஷம்தான். நாங்குநேரி, திசையன்விளை, முக்கூடல், ஆலங்குளம் என்று எங்கே கூப்பிட்டாலும் மாணவர்களோடு கிளம்பிவிடுவோம். ஆனால் இந்த வேலையைச் செய்யச் செய்ய ஒன்று எனக்கு உறுதியாகிவிட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கான வானியல் முதலில் பகலில் நடக்க வேண்டும். மணி அடித்து, வருகைப்பதிவு எடுத்து, எல்லாப் பிள்ளைகளும் உள்ளே இருக்கிற நேரத்தில் நடக்க வேண்டும்.

இருட்டிய பிறகு பள்ளி மைதானத்தில் யார் மிஞ்சுகிறார்கள் என்று பாருங்கள். விடுதிப் பையன்கள் இருப்பார்கள், பள்ளிக்குப் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் இருப்பார்கள், பைக் வைத்திருக்கிற அப்பாக்களின் பிள்ளைகள் இருப்பார்கள். சுற்றுவட்டாரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள் நாலரைக்கே கிளம்பியிருப்பார்கள். பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். "எட்டு மணி வண்டிய விட்டா எங்க ஊருக்கு வேற வண்டி கிடையாது சார், பொம்பளப் பிள்ளைய எப்படி நிறுத்தி வைக்க?" என்று ஒரு தாயார் கேட்டால் அதற்கு நம்மிடம் பதில் இல்லை. அவர் கேட்பதில் தப்பும் இல்லை. வகுப்பில் நன்றாகக் கேள்வி கேட்கிற பெண் பிள்ளை டெலஸ்கோப் வந்த அன்றைக்கு வீட்டில் இருக்கிறாள். ஒவ்வொரு ஊரிலும் இதைப் பார்க்கிறேன்.

வரிசைக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. ஒரு டெலஸ்கோப், இருநூறு பிள்ளைகள், ஆளுக்கு அரை நிமிடம் என்றாலே ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகிவிடும். நடுவில் சனி பார்வையைவிட்டு நகர்ந்துகொண்டே இருக்கும், நாங்கள் திருப்பித் திருப்பி வைப்போம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் அடிக்கிற காற்றில் குழாய் நடுங்கும், பிம்பமும் சேர்ந்து நடுங்கும். அதே மாதங்களில் தென்காசிப் பக்கம் சாரல் மேகம். வரிசையில் முக்கால் மணி நேரம் நின்ற பிள்ளைக்குக் கிடைப்பது அரை நிமிடம். அந்த அரை நிமிடம் பெரிசுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை அதை நாளைக்குத் தானாக மறுபடி செய்து பார்க்க முடியாது.

பகலில் என்ன வானம் இருக்கிறது என்று தலைமையாசிரியர்கள் கேட்பார்கள். சூரியன் இருக்கிறது. மாதத்தில் பல நாள் நிலாவும் இருக்கிறது.

சூரியனிலிருந்து தொடங்குகிறேன். முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடி ஒன்று, அதை மூடக் கறுப்பு சார்ட் பேப்பர், பேப்பரில் ஒரு சென்டிமீட்டர் ஓட்டை. கண்ணாடியை மணல் நிரப்பிய பால் பவுடர் டின்னில் செருகி மைதானத்தில் வெயிலில் வைத்துவிட வேண்டும். சன்னலையெல்லாம் சாத்தி, இடுக்குகளை ஜமுக்காளத்தால் மறைத்த வகுப்பறைக்குள் அந்த ஒளியைத் திருப்பினால், இருபது மீட்டர் தள்ளி இருக்கிற சுவரில் ஏறத்தாழ ஒரு சாண் அகலத்துக்குச் சூரியன் வந்து விழும். ஓட்டையை முக்கோணமாக வெட்டினாலும் சுவரில் வட்டம்தான் விழும். அது ஓட்டையின் உருவம் இல்லை, சூரியனின் உருவம். பள்ளி வேப்பமரத்தடியில் தினமும் மிதித்து விளையாடுகிற வட்ட வட்ட ஒளிப்பொட்டுகளும் அதே சூரியன்தான் என்று சொன்னவுடன் பாதி வகுப்பு வெளியே ஓடப் பார்க்கும். சூரியனில் பெரிய கரும்புள்ளிகள் இருக்கிற காலமாக இருந்தால் ஓட்டையை இன்னும் சிறிதாக்கி அவற்றையும் காட்டிவிடலாம்.

அப்புறம் சுவரில் விழுந்த வட்டத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடச் சொல்வோம். ஒரு நிமிடத்தில் வட்டம் கோட்டைத் தாண்டத் தொடங்கும். இரண்டு நிமிடத்தில் முழுசாக வெளியே போய்விடும். நாங்குநேரி வட்டாரத்தில் ஒரு பள்ளியில் இதைச் செய்தபோது, "ஏல, நகருதுல!" என்று ஒருவன் கத்தினான். பின் பெஞ்சுக்காரன் நம்பவில்லை. "வெளிய எவனோ கண்ணாடிய ஆட்டுதாம்ல" என்றான். சரி, காவலுக்கு ஆள் போடுங்கள் என்றேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வெளியே போய் டின் பக்கத்தில் கண்ணாடிக்கு முதுகு காட்டி நின்றாள். உள்ளே புதிதாகக் கோடு போட்டார்கள். வட்டம் மறுபடி நகர்ந்தது. "யாரும் தொடல சார், காத்துகூட இல்ல" என்று வாசலிலிருந்து அவள் சொன்னபோது வகுப்பு கப்சிப். கண்ணாடி நகரவில்லை, சுவர் நகரவில்லை, அப்படியானால் எது நகர்கிறது? பூமி சுழல்கிறது என்று நான் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

அதே சுவரில் கணக்கும் இருக்கிறது. கண்ணாடியிலிருந்து சுவர் வரைக்குமான தூரத்தை வட்டத்தின் அகலத்தால் வகுத்தால் 107, 108 என்று வரும். சூரியன் இருக்கிற தூரம் சுமார் 15 கோடி கிலோமீட்டர். அதை 107ஆல் வகுத்தால் 14 லட்சம். அதுதான் சூரியனின் குறுக்களவு. அளவுநாடாவும் வகுத்தலும் தெரிந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை அதைக் கண்டுபிடித்துவிடுகிறது.

ஒரு எச்சரிக்கையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பிள்ளைகள் சுவரைத்தான் பார்க்க வேண்டும், கண்ணாடியைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. சூரியனை வெறும் கண்ணால் பார்ப்பது, எக்ஸ்ரே பிலிம் வழியாகப் பார்ப்பது, புகை பிடித்த கண்ணாடியில் பார்ப்பது, மஞ்சள் கரைத்த தண்ணீரில் பார்ப்பது எதுவும் பாதுகாப்பில்லை. விழித்திரைக்கு வலி தெரியாது. கண் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று பார்க்கிறவருக்கு அந்த நேரத்தில் தெரியவே தெரியாது. முன்பக்கம் சூரிய வடிகட்டி மாட்டாத டெலஸ்கோப்பையோ பைனாகுலரையோ சூரியன் பக்கம் திருப்பவே கூடாது.

அடுத்தது நிழல். இந்த விஷயத்தில் நம் திருநெல்வேலிச் சீமைக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. நாம் இருப்பது வட அட்சம் 8.7 டிகிரி. சூரியன் வருஷத்துக்கு இரண்டு முறை நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும், ஏப்ரல் 12ஐ ஒட்டி ஒரு முறை, ஆகஸ்ட் 30, 31இல் ஒரு முறை. அன்று உச்சி நேரத்தில் நட்டுவைத்த குச்சிக்கு நிழலே இருக்காது. டெல்லியில் எத்தனை வருஷம் காத்திருந்தாலும் இதைப் பார்க்க முடியாது. வடக்கே சங்கரன்கோவிலில் ஆகஸ்டில் ஏறத்தாழ ஒரு நாள் முன்னதாகவும் தெற்கே ராதாபுரத்தில் ஒரு நாள் பின்னதாகவும் வரும். ஏப்ரலில் பள்ளிகள் பரீட்சையில் மூழ்கியிருக்கும், அதனால் நான் ஆகஸ்ட் கடைசியைத்தான் சிபாரிசு செய்கிறேன். அன்றைக்கு மேகம் போட்டாலும் கவலையில்லை. ஒரு மீட்டர் குச்சிக்கு ஒரு நாள் முன்பின் போனால் ஆறு மில்லிமீட்டர் நிழல்தான் வரும்.

இங்கே உச்சிப்பொழுது பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை. இந்திய நேரம் கணக்கிடப்படுவது 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு, நாம் இருப்பது 77.7 டிகிரியில். அந்த வித்தியாசத்தால் ஆகஸ்ட் கடைசியில் நமக்கு உச்சி 12.20க்குத்தான். பிப்ரவரி நடுவில் 12.33 வரைகூடத் தள்ளிப்போகும், நவம்பர் தொடக்கத்தில் 12.03க்கே வந்துவிடும். ஆகையால் பதினொன்றே முக்காலுக்கே தொடங்கி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழல் நுனியில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க உள்ளூர்க் கொத்தனாரிடம் தூக்குக்குண்டும் தரைக்கு ரசமட்டமும் இரவல் கேட்டால் தருவார். காற்றில் குண்டு ஆடினால் அதை ஒரு வாளித் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள், ஆட்டம் அடங்கிவிடும். கொத்தனாரையே கூப்பிட்டு நட்டுத் தரச் சொன்னால் இன்னும் நல்லது. தன் அப்பாவின் கருவி அறிவியல் கருவியாக நிற்பதைப் பார்க்கிற பிள்ளைக்கு அது பெரிய விஷயம்.

ஒரு நாளோடு இதை விட்டுவிடக் கூடாது. அதே குச்சி, அதே இடம், மாதம் ஒரு முறை உச்சி நிழலைக் குறித்துவையுங்கள். ஜூன் 21ஐ ஒட்டி ஒரு மீட்டர் குச்சியின் நிழல் 26 சென்டிமீட்டர், அதுவும் தெற்கே விழும். டிசம்பர் 22ஐ ஒட்டி 63 சென்டிமீட்டர், வடக்கே. உச்சி வெயிலில் நிழல் வடக்கேதான் விழும் என்று எழுதிப் படித்த பிள்ளைகள், ஏப்ரல் பாதியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நம் ஊரில் அப்படி இல்லை என்பதைத் தங்கள் மைதானத்திலேயே கண்டுகொள்வார்கள்.

சென்னையில் ஒரு பள்ளியை இதில் சேர்த்துக்கொண்டால் பூமியையே அளந்துவிடலாம். நமக்கு நிழல் இல்லாத நாளில் அவர்களுக்கு உச்சியில் ஒரு மீட்டர் குச்சிக்கு ஏழரை சென்டிமீட்டர் போல நிழல் விழும். அந்த நிழல் காட்டுகிற கோணம் சுமார் 4.35 டிகிரி, பூமியின் 360 டிகிரி வட்டத்தில் இரண்டு ஊருக்கும் நடுவில் உள்ள பங்கு அதுதான். இரண்டு ஊருக்கும் வடக்கு தெற்காக உள்ள இடைவெளி ஏறத்தாழ 480 கிலோமீட்டர், பஸ் போகிற தூரத்தை எடுக்கக் கூடாது. 360ஐ 4.35ஆல் வகுத்து 480ஆல் பெருக்கினால் நாற்பதாயிரம் கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், அதுதான் பூமியின் சுற்றளவு. கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் இரண்டாயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன் எகிப்தில் செய்தது இதைத்தான். நமக்கு வேண்டியது அந்தப் பள்ளி ஆசிரியரின் வாட்ஸ்அப் எண் மட்டும்.

நிலாவுக்கு வருகிறேன். பௌர்ணமி கழிந்து ஐந்து, ஆறு, ஏழாம் நாள்களில் காலைப் பிரார்த்தனைக் கூட்டம் நடக்கும்போது மேற்கு வானத்தில் நிலா இருக்கும். தினசரிக் காலண்டரில் தேய்பிறை பஞ்சமி, சஷ்டி, சப்தமி பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எலுமிச்சம்பழத்தை வெயிலில் நீட்டி, நிலா இருக்கிற திசையில் பிடிக்கச் சொல்லுங்கள். பழத்தில் எந்தப் பக்கம் எவ்வளவு வெளிச்சமோ, நிலாவிலும் அதே பக்கம் அதே அளவு வெளிச்சம் இருக்கும். பிறையைப் பூமியின் நிழல் என்று நினைத்துக்கொண்டிருக்கிற பெரியவர்கள்கூட அந்தப் பழத்தைப் பார்த்தவுடன் மாற்றிக்கொள்கிறார்கள்.

கிரகணத்தன்று வந்து விளக்கலாமே என்பவர்களுக்கும் ஒரு தகவல். 2010 ஜனவரி 15 வளையக் கிரகணம் நம் தென்கோடிக்கே நேராக வந்தது, அன்று மாட்டுப் பொங்கல். 2019 டிசம்பர் 26 வந்தது அரையாண்டு விடுமுறையில். அடுத்து மதுரை, தேனி வழியாகப் போகிற வளையக் கிரகணம் 2031 மே 21, கோடை விடுமுறை. மூன்றிலும் பள்ளி பூட்டு. கிரகணத்தைப் பற்றிப் பேச வேண்டியதைச் சாதாரண நாளில்தான் பேச வேண்டும். கிரகணத்தன்று தாம்பாளத்தில் உலக்கை நிற்கும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகளை வீட்டிலிருந்து உலக்கை கொண்டுவரச் சொல்லி, ஒன்றுமில்லாத செவ்வாய்க்கிழமையில் நிறுத்திப் பார்க்கச் சொல்வோம். பூண் தட்டையாக இருந்து, கை பதறாமல் விட்டால் நிற்கும். பாட்டி சொன்னது பொய் என்று யாரையும் சிறுமைப்படுத்த வேண்டாம். உலக்கை நின்றது உண்மை, எல்லா நாளும் நிற்கும் என்பதும் உண்மை. வீட்டுக்குப் போய் அந்தப் பிள்ளையே பாட்டியிடம் நிறுத்திக் காட்டட்டும்.

பகலில் செய்து காட்ட இன்னொன்றும் இருக்கிறது. நம் மாவட்டத்துக் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பது உள்ளூரில் பலருக்குத் தெரியாது. பூமியின் காந்த நடுக்கோடு, அதாவது காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் நிற்கிற கோடு, நமக்கு மிக அருகில் போவதால்தான் அது இங்கே இருக்கிறது. காந்தமேற்றிய தையல் ஊசியை நூலில் நடுவே கட்டித் தொங்கவிட்டால் நம் ஊரில் கிட்டத்தட்ட கிடைமட்டமாக நிற்கும். டெல்லியில் 40 டிகிரிக்கு மேல் சாயும். நம் தலைக்கு மேலே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் பகல் நேரத்தில் ஒரு மின்னோட்டம் கிழக்கு நோக்கி ஓடுகிறது, அதைத்தான் அங்கே அளக்கிறார்கள்.

இரவு நிகழ்ச்சியை விடச் சொல்லவில்லை. அதைப் பள்ளியில் வைக்காமல் ஊருக்குள் வையுங்கள் என்கிறேன், கோவில் திடலிலோ மாதா கோவில் முற்றத்திலோ. அம்மா, ஆச்சி, தாத்தா எல்லாரும் வருவார்கள், பெண் பிள்ளைகளும் கூட வருவார்கள். பௌர்ணமியைத் தவிர்த்துவிட்டு வளர்பிறை சஷ்டி முதல் நவமிக்குள் வைத்தால்தான் நிலாவின் பள்ளங்கள் நிழலோடு எடுப்பாகத் தெரியும். ஜனவரி, பிப்ரவரி என்றால் தெற்கே அகத்திய நட்சத்திரத்தைக் காட்டுங்கள். பொதிகைமலைக்காரர்களுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதே இல்லை. டெல்லியில் அது அடிவானத்தை ஒட்டி எட்டிப் பார்க்கும், நமக்கு 29 டிகிரி வரை ஏறும். அந்த ஒளி அங்கிருந்து கிளம்பி ஏறத்தாழ 310 வருஷம் ஆகிறது, நெற்கட்டும்செவல் பூலித்தேவர் பிறந்த காலம்.

இனி தலைமையாசிரியர்களுக்கு. அபிஷேகப்பட்டியில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதைச் சேர்ந்த கல்லூரிகள் பலவற்றில் இயற்பியல் துறை இருக்கிறது, கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. பக்கத்தில் எதுவோ அங்கே எழுதுங்கள். டெலஸ்கோப்புக்கு மட்டும் எழுதாமல், ஒரு வருஷத்தில் மூன்று பகல் வேண்டும் என்று கேளுங்கள். முதல் பகல் உங்கள் அறிவியல் ஆசிரியருக்கு, பிள்ளைகள் இல்லாமல். கண்ணாடியும் குச்சியும் அவர் கையில் பழகட்டும், அடுத்த இரண்டையும் அவரே நடத்தட்டும், நாங்கள் பக்கத்தில் நிற்கிறோம். என்னைப் போன்ற கல்லூரிக்காரர்களுக்கும் இதையே சொல்கிறேன்: கூட்டம் எவ்வளவு வந்தது என்று அறிக்கையில் எழுதுவதோடு, அடுத்த மாதம் அந்தக் குச்சிக்கு யாராவது புள்ளி வைத்தார்களா என்று போன் போட்டுக் கேளுங்கள். ஆகஸ்ட் 30, 31க்குக் கேட்கிறவர்கள் ஜூலை முதல் வாரத்திலேயே கடிதம் அனுப்பிவிடுங்கள். அந்த இரண்டு நாளில் வேன் ஒன்றுதான், எங்கள் மாணவர்களும் வெவ்வேறு ஊருக்குப் பிரிந்து போக வேண்டியிருக்கும்.