டிப்ரஷன் என்பது மன அழுத்தம் அல்ல

போன வாரம் ஒரு மருத்துவமனையில் காத்திருந்தபோது எதிர்ச்சுவரில் இரண்டு சுவரொட்டிகளைப் பார்த்தேன். 'மன அழுத்தம் குறையத் தினமும் நடைப்பயிற்சி செய்யுங்கள்' என்றது ஒன்று. 'மன அழுத்தம் ஒரு நோய், மருத்துவரைப் பாருங்கள்' என்றது அடுத்தது. முன்னது ஸ்ட்ரெஸ், பின்னது டிப்ரஷன். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் படிக்கிறவர் என்ன செய்வார்? எது சுலபமோ அதைத்தான் எடுத்துக்கொள்வார்: நடந்தால் போதும்.

டிப்ரஷனின் லத்தீன் வேர்ச்சொல்லுக்குக் 'கீழே அழுத்துதல்' என்று பொருள். நம்மவர்கள் 'அழுத்து' என்பதைப் பிடித்துக்கொண்டு, 'கீழே' என்பதைக் கைவிட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் இன்று அந்தச் சொல் குறிப்பது அழுத்துகிற செயலை அல்ல, அமிழ்ந்து கிடக்கிற நிலையை.

வானிலைக்காரர்கள் இதைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். வங்கக்கடலில் மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வேகத்தில் காற்று சுழன்றால் அதை ஆங்கிலத்தில் டிப்ரஷன் என்பார்கள். தமிழில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். இதில் அழுத்தம் என்பது பிரஷர். டிப்ரஷனுக்கு நேராக நிற்பது தாழ்வு. பொருளியல் எழுதியவர்களும் 1929இல் தொடங்கிய உலகச் சரிவைப் பெருமந்தம் என்றார்கள், பேரழுத்தம் என்று சொல்லவில்லை. கடலுக்கும் காசுக்கும் சரியாக அமைந்த சொல் மனத்துக்கு மட்டும் ஏன் பிசகியது?

மன அழுத்தம் நல்ல சொல்தான், அது ஸ்ட்ரெஸ்ஸுக்கு உரியது. கடன், தேர்வு, மேலதிகாரி என்று வெளியிலிருந்து ஏதோ ஒன்று அழுத்துகிறது. தேர்வு முடிந்தால் பாரம் இறங்கிவிடும். டிப்ரஷன் அப்படியல்ல. வெளியே எந்தக் காரணமும் இல்லாமலும் அது வரும். பிடித்த வேலையில் நாட்டம் போகும், தூக்கம் கெடும், பசி மாறும், தன்மேலேயே வெறுப்பு வரும். இப்படி இரண்டு வாரத்துக்குக் குறையாமல் ஏறக்குறைய எல்லா நாளும் இருந்தால்தான் மருத்துவர்கள் அந்தப் பெயரைச் சொல்வார்கள். இதை மன அழுத்தம் என்று எழுதுவதால்தான், 'யாருக்குத்தான் இல்லை மன அழுத்தம்? நாலு நாள் லீவு போட்டு ஊருக்குப் போய் வா' என்று நோயாளியிடம் வீட்டார் சொல்கிறார்கள். பாசத்தில் சொல்வதுதான், ஆனால் அந்தப் பேச்சில் சிகிச்சை தள்ளிப்போகிறது.

டிப்ரஷனுக்குச் சரியான தமிழ் மனச்சோர்வு. சோர்தல் என்றால் தளர்தல், வாடுதல், நழுவுதல். குறள் 'சோர்விலாள்' என்கிறபோது தளராதவள் என்றே பொருள். 'சோர்வு வெறும் களைப்புதானே' என்று ஒரு மறுப்பு வரும். உடற்சோர்வுக்கு அது சரி. முன்னால் 'மன' சேர்ந்ததுமே பொருள் மாறிவிடுகிறதே! பழகிய சொல், நோயாளிக்கும் சொல்ல வரும். 'மன இறுக்கம்' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். டென்ஷனுக்கும் அதே, ஆட்டிசத்துக்கும் அதே. ஒரே சட்டையை எத்தனை பேருக்குப் போடுவது?

துயரத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள இன்னொரு சொல்லான மெலங்கலி இன்னும் பழையது. கிரேக்கத்தில் 'கரும்பித்தம்'. உடலில் கரிய பித்தம் மிகுந்தால் மனம் இருண்டுவிடும் என்று பண்டைக் கிரேக்கர்கள் நம்பினார்கள். பித்தம் தலைக்கேறியது என்று நாமும் சொல்கிறோம், ஆனால் அது வெறிக்கு. இன்றைய மெலங்கலி நோய் என்பதைவிட, அடங்கிய, சற்றே இனிக்கவும் செய்கிற துயரம். மாலை மங்கும் நேரத்தில் காரணம் தெரியாமல் மனத்தில் வந்து உட்காருமே, அது. இடத்தைப் பார்த்து ஏக்கம் என்றோ மென்சோகம் என்றோ எழுதலாம். மனச்சோர்வு என்று மட்டும் எழுதக் கூடாது.

அப்புறம் டெஸ்பேர். நம்பிக்கை அற்றுப்போவது என்பதே அதன் லத்தீன் பொருள். விரக்தி என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். விரக்தி பற்று விட்ட நிலை, துறவிக்கும் உண்டு. புரவலன் இறந்தபின் செய்வதறியாது பாடிய பாட்டைப் புறத்திணையில் கையறுநிலை என்றார்கள். டெஸ்பேருக்குக் கையறவு என்று எழுதிப் பாருங்கள்.