12 வோல்ட் இருந்தும் அடிக்காத ஹாரன்

இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரை வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. ஸ்டீயரிங் நடுவில் உள்ள பொத்தானை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மல்டிமீட்டரை ஹாரன் முனையில் வைத்தால் 12 வோல்ட் காட்டுகிறது. கரண்ட் வருகிறது, ஆகவே ஹாரன்தான் போய்விட்டது என்று புதிது வாங்கிவிடுகிறார்கள். பாவம், அந்தப் பழைய ஹாரனில் பெரும்பாலும் ஒரு குறையும் இருக்காது.

ஹாரனுக்குள் ஒரு மின்காந்தம், அதன் எதிரே மெல்லிய எஃகுத் தகடு, ஒரு ஜோடி காண்டாக்ட். மின்சாரம் பாய்ந்ததும் காந்தம் தகட்டை இழுக்கும். தகடு நகர்ந்ததும் காண்டாக்ட் பிரியும், மின்சாரம் நிற்கும், தகடு துள்ளித் திரும்பும், காண்டாக்ட் மறுபடி சேரும். நொடிக்குச் சில நூறு தடவை நடக்கும் இந்தத் துள்ளல்தான் நம் காதில் விழுவது. மின்சாரம் போதாவிட்டால் தகடு கொஞ்சம் நகர்ந்து, காண்டாக்டைப் பிரிக்கமுடியாமல் அங்கேயே நிற்கும். அந்த 'டிக்' இதுதான்.

மின்சாரம் எங்கே குறைகிறது? ரேடியேட்டர் பக்கம் மழைத்தண்ணீர் தெறிக்கும் இடத்தில் இருக்கும் புல்லட் கனெக்டரை (இரண்டு வயர்களைச் சேர்க்கும் குண்டு வடிவ முனை) உருவிப் பாருங்கள். பித்தளை முனையில் பச்சைக் களிம்பு படிந்திருக்கும். அந்தக் களிம்பின் மின்தடை 1 ஓம், வண்டியின் இரண்டு ஹாரனும் சேர்ந்து 1.5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பொத்தானை அழுத்தாதபோது மின்சாரமே ஓடவில்லை; ஓடாத மின்சாரத்தைக் களிம்பு தடுக்கவும் முடியாது. மீட்டர் முழு 12 வோல்ட்டையும் காட்டும். அழுத்தியதும் 4.8 ஆம்பியர் ஓடும், களிம்பே 4.8 வோல்ட்டை விழுங்கும், ஹாரனுக்கு மிஞ்சுவது 7.2. அதனால் பொத்தானை ஒருவர் அழுத்திக்கொண்டிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மீட்டர் இல்லையென்றால் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு போதும். அது மங்கலாக எரிந்தால் வழியில் எங்கோ அடைப்பு. அதே ஃபியூஸில் ஓடும் உள்விளக்கு எரிகிறதே, ஃபியூஸ் நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். அந்தச் சின்ன விளக்குக்கு அரை ஆம்பியர் போதும், களிம்பேறிய ஃபியூஸ் கிளிப் வழியாகவும் எரியும்.

இந்த வண்டியில் ஊதா வயர் எப்போதும் ஹாரனுக்கு மின்சாரம் கொண்டுவந்துகொண்டே இருக்கும். பொத்தான் இருப்பது எர்த் பக்கத்தில், அதாவது ஹாரனைத் தாண்டி பாடி வழியே மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியில். ஹாரனிலிருந்து பொத்தானுக்குப் போகும் ஊதா-கறுப்பு வயர் உராய்ந்து பாடியில் பட்டால், சாவி கையில் இருந்தாலும் ஹாரன் அலறும். சோதனைக்கும் இதுவே வழி: ஹாரனில் ஊதா-கறுப்பு வயர் சேரும் முனையிலிருந்து ஒரு வயரை எடுத்துப் பாடியின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் தொடுங்கள். ஹாரன் கணீரென்று அடித்தால் ஹாரனும் ஃபியூஸும் சரி. குறை ஸ்டீயரிங் பக்கம்.

அங்கே ஸ்டீயரிங் சுற்றச் சுற்ற உரசிக்கொண்டே இருக்கும் தொடுமுனையில் பழைய கிரீஸ் இறுகியிருக்கலாம். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் மட்டும் ஹாரன் அடிக்கிறதென்றால் சந்தேகமே வேண்டாம், இடம் அதுதான். புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டியில் நான் முதலில் பார்ப்பது ஸ்டீயரிங் தண்டின் எர்த்தை. தண்டு பாடியோடு சேரும் இடத்தில் பெயின்ட் புகுந்தாலே இணைப்பு அறுந்துவிடும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மறுமுனையைத் தண்டிலும் வைத்துப் பொத்தானை அழுத்துங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அந்த இடத்தைப் பித்தளையும் இரும்பும் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, கொஞ்சம் வாசலின் தடவி இறுக்குங்கள்.